கறுப்புக் காருக்கும் மடி உண்டு!



பட்டுப் புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு, ஊறுகாய் ஜாடி என்று பேச வேண்டிய பக்கத்திலே மோட்டார் கார் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வீட்டிலே துலக்கித் துடைத்துப் பாதுகாக்க வேண்டிய சாமான்களுக்குள் விலை கூடியது எது? நகை நட்டை ஒதுக்கிவிட்டால், வாசலில் நிற்கிற அந்தக் கார்தான். தவிர, அதை ஓட்டுகிறவர்களும் இப்போது எத்தனையோ வீடுகளில் நீங்களே. ஆகவே இந்த வாரம் காரைப் பற்றி, அதிலும் கறுப்புக் காரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

கறுப்பு நிறத்துக்கு ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவிலே ஃபோர்டு கம்பெனியாரின் பிரசித்தி பெற்ற 'டி' மாடல் கார், 1914-லிருந்து 1925 வரையில் கறுப்பு ஒன்றிலேதான் விற்கப்பட்டது. இன்றைக்கு எத்தனையோ வர்ணங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் ஷோரூம் விளக்கின் கீழே கறுப்புக் கார் ஒன்று பளபளவென்று நின்றால், மற்றவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாய்ந்த வெயில் பானெட்டின் மேலே விழுகிறது. வீட்டுக்காரர் காப்பித் தம்ளருடன் வெளியே வருகிறார். அவ்வளவுதான்!

"ஏய், இங்கே வந்து பாரேன்! இது என்ன, சிலந்தி வலை பின்னினாற்போல?"

"எதுங்க?"

"வட்டம் வட்டமாய்க் கோடு! தெரியவில்லை? யார் செய்த வேலை இது?"

யார் செய்த வேலை என்ற கேள்வி எழுந்தவுடனே, முதலில் மாட்டிக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. விடியற்காலையில் வாளியும் துணியுமாக வந்து கார் துடைத்துவிட்டுப் போகிற தம்பிதான் அவர். "நாளையிலிருந்து அவன் வர வேண்டாம்" என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது. மேல் விசாரணை கிடையாது.

அந்த விசாரணையை நாம் நடத்திப் பார்ப்போமா?

*வலை எப்படி வந்தது?*

முதலில் உங்கள் அடுக்களைக்குள்ளே போங்கள். நாலைந்து வருஷம் தேய்த்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாய்த் தெரிகின்றன அல்லவா? தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகரும். விளக்கு எங்கே தெரிகிறதோ அங்கேதான் வலையின் நடுவும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டில் உள்ள கீறல்கள் வட்டமானவையே அல்ல. குறுக்கும் நெடுக்குமாய், எல்லாத் திசையிலும், ஆயிரக்கணக்கான நுண்ணிய கோடுகள் விழுந்திருக்கின்றன. அவற்றிலே, விளக்கைச் சுற்றி வட்டத்தின் போக்கில் அமைந்த கோடுகள் மாத்திரம் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை ஒளிந்துகொள்கின்றன. காரிலும் இதே கதைதான். "வட்டமாய்த் துடைத்தான், அதனாலே வட்டமாய்க் கீறல்" என்பது பாதிதான் நிஜம். நேர்கோடாய்த் துடைத்தாலும், துணியில் மண் இருந்தால் கீறல் விழும்.

வெள்ளைக் காரில் மட்டும் ஏன் தெரிவதில்லை? அதிலும் இருக்கிறது, சகோதரி! வெள்ளை, தன் மேல் விழும் வெளிச்சத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே, ஒரு வெள்ளைக் கீறல் தனியாகத் தெரியாது. கறுப்போ வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. அங்கே ஒரு கீறல் மின்னினால், கறுப்புப் பட்டிலே ஒட்டிய வெள்ளை நூல் மாதிரிப் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பு வர்ணம் வெள்ளையைவிடச் சொத்தை என்று எண்ண வேண்டாம். மறைக்கத் தெரியாத சுபாவம், அவ்வளவே.

*ஒரு தலைமயிர் கனம்கூட இல்லை*

இப்போது வருகிற கார்களில் நாம் தொடுவது கறுப்பு வர்ணத்தையே அல்ல. தகட்டின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் வர்ணம், அதற்கும் மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு மேல்பூச்சு. பளபளப்பு முழுவதும் அந்த மேல்பூச்சினுடையது. கீறல் விழுவதும் அதிலேதான்.

பழைய அம்பாஸடர் கார்களைப் பாலிஷ் போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். துணியெல்லாம் கார் வர்ணமாகிவிடும். அன்று வர்ணமே பளபளப்பையும் தந்தது. தேய்த்தால் வர்ணமே வந்தது. இன்றைய காரைத் தேய்த்தால் துணி வெள்ளையாகவே இருக்கும். ஒன்றும் போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். போகிறது, நிறமில்லாததால் தெரியவில்லை.

அந்த மேல்பூச்சின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 40, 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக, தலைமயிர் கனம்கூட இல்லாத ஒரு பூச்சுத்தான் வெயிலையும் மழையையும் தாங்கி, கீழே உள்ள வர்ணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கீறலை எடுக்கிறோம் என்று கடைக்காரர் மெஷின் வைத்துத் தேய்க்கிறாரே, அவர் கீறலை அடைப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் கரைத்து, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டு வருகிறார். பலமாய் ஒரு தடவை தேய்த்தால் சில மைக்ரான்கள் போய்விடும். போனது போனதுதான், மறுபடி வளராது. வருஷா வருஷம் தேய்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கோடையிலே மேல்பூச்சு வெயிலில் கன்றிய தோல் மாதிரி உரிய ஆரம்பிக்கும். அப்புறம் பாலிஷ் பலிக்காது. புதிதாய் வர்ணம் அடிக்க வேண்டியதுதான்.

ஆகையால் இதைச் சேமிப்புப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கலாம், போட முடியாது. செலவை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு காலம் வரும்.

*தினமும் துடைக்கிற பக்தி*

சரி, கீறியது யார்? துணியா? துணிக்கு அவ்வளவு பலம் கிடையாது. துணிக்கும் காருக்கும் நடுவிலே அகப்பட்டுக்கொண்ட தூசிதான் குற்றவாளி. தெருத் தூசியில் மணல் உண்டு. மணலில் குவார்ட்ஸ் என்கிற கல் உண்டு. அது கண்ணாடியையே கீறக்கூடியது. மேல்பூச்சு அதற்கு எம்மாத்திரம்?

ராத்திரி முழுவதும் காரின் மேலே தூசி படிகிறது. காலையில் உலர்ந்த துணியை எடுத்து ஒரு இழு. அல்லது கடையில் விற்கும் குஞ்சம் வைத்த டஸ்டரால் ஒரு தட்டு. தூசி போய்விடுகிறது, வாஸ்தவம். ஆனால் போகிற வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போகிறது. அம்மியில் மிளகாய் வைத்து அரைப்பதும் இதுவும் ஒன்றுதான். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் அரைக்கிறோம்!

தூறல் போட்டு நின்ற பிறகு, "நனைந்துதானே இருக்கிறது" என்று துடைப்பார்கள் சிலர். தூசியெல்லாம் சேறாகி நிற்கிற நேரம் அது. அப்போது துடைப்பது உலர்ந்த துணியால் துடைப்பதற்கு ஒன்றும் இளைத்ததல்ல. தூசி படிந்த காரின் மேலே உறை போடுவதும் அப்படியே. காற்றடிக்கும் போதெல்லாம் உறையே துடைக்கிற துணியாகிவிடும். உறை போடுவதென்றால் கழுவி உலர்த்திய காருக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் போடாதீர்கள்.

இதிலே முக்கியமாய் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. காரின் மேல் சும்மா படிந்திருக்கிற தூசி ஒரு வாரம் கிடந்தாலும் கீறல் போடாது. நாம் கை வைத்தால்தான் கீறும். பாத்திரத்தைத் தினமும் துலக்கினால் அழகு. காரைத் தினமும் துடைத்தால் அழுக்கைவிட மோசம்.

*தம்பியை அனுப்பிவிடலாமா?*

இப்போது அந்தத் தீர்ப்புக்கு வருவோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் துடைக்க வருகிறவர், உங்கள் காரை மட்டுமா துடைக்கிறார்? ஏழரை மணிக்குள்ளே எல்லாரும் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் வரிசையாய் நிற்கும் கார்களையெல்லாம் முடித்தாக வேண்டும். கையிலே ஒரு வாளி, ஒரு துணி. முதல் காரின் சக்கரத்தைத் துடைத்த துணி, மூன்றாவது காரின் கூரைக்கு வருகிறது. தண்ணீர் நாலாவது காருக்குள்ளேயே குளத்துத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொரு வாளி தண்ணீர் கேட்டால் காவற்காரர் முறைக்கிறார். ஒரு நாள் துடைக்காமல் விட்டால், "சம்பளம் எதுக்கு வாங்குறே?" என்று நாமே கேட்கிறோம்.

தினமும் துடைக்கச் சொன்னது யார்? நாம். நல்ல துணி கொடுக்காதது யார்? அதுவும் நாம். அவரை நிறுத்திவிட்டு இன்னொருவரை வைத்தால், அவரும் அதே வாளியும் துணியுமாகத்தான் வருவார். கீறல் நிற்காது, ஒரு குடும்பத்தின் மாச வருமானம் மட்டும் நிற்கும்.

ஆகவே என் யோசனை இது. அவரையே கூப்பிட்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி, இனிமே தினம் துடைக்க வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள் நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும். மத்த நாள் முன் கண்ணாடி, பின் கண்ணாடி மட்டும் ஈரத் துணியால துடைச்சிடு. வாளியும் துணியும் நம்ம வீட்டுது. சம்பளம் அதேதான்."

சம்பளத்தில் கை வைக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாள் குறைந்தாலும், நிதானமாய்ச் செய்கிற வேலைக்கு நேரம் கூடும். ஒரு தடவை மெஷின் பாலிஷ் போடுகிற செலவைக் கணக்குப் பாருங்கள். அந்தச் சம்பளம் பெரிதாகத் தோன்றாது.

*இரண்டு வாளி ஸ்நானம்*

கழுவுகிற முறையை இனிச் சொல்கிறேன். தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கவும் உதவும். நீங்களே ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுடன் சேர்ந்து செய்யவும் உதவும்.

வெயிலில் நின்ற காரின் மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். புறங்கையால் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது. சூட்டிலே சோப்புத் தண்ணீர் நொடியில் உலர்ந்து திட்டுத் திட்டாய் ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையோ வெயில் தாழ்ந்த பிறகோ நல்ல வேளை.

முதலில் கையே படாமல், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் விட்டுத் தூசியை இறக்க வேண்டும். ஹோஸ் குழாய்க்கு அனுமதி இல்லாத இடங்களில் குவளையால் ஊற்றலாம். செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பு இருந்தால் இன்னும் சிக்கனம். 2019 கோடையிலே சென்னைக்கு நீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டியதில்லை. தூசி கீழே இறங்கும் அளவு போதும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றிலே கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதிலே வெறும் தண்ணீர். துணியை ஷாம்பு வாளியில் தோய்த்துக் காரின் ஒரு பாகத்தைத் துடையுங்கள். அடுத்த பாகத்துக்குப் போகுமுன், அழுக்குத் துணியை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாய் அலசி, அப்புறமே ஷாம்பு வாளிக்குக் கொண்டு போங்கள். மண்ணெல்லாம் ஒரு வாளியோடு நின்றுவிடும். அந்த வாளியின் அடியிலே துளையுள்ள பழைய பிளாஸ்டிக் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டால், அடியில் தங்கிய மண் கலங்கி மேலே வராது.

துடைக்கிற வரிசை கூரை, கண்ணாடிகள், பானெட், கதவுகளின் மேல் பாதி, கடைசியாகத்தான் கீழ்ப் பாதி. சக்கரத்துக்கு வேறு துணி. அழுத்தித் தேய்க்க வேண்டாம். துணி தன் பாரத்திலேயே நகரட்டும். பாத்திரம் தேய்க்கிற சோப்பும், துணி துவைக்கிற பவுடரும் வேண்டவே வேண்டாம். அவை எண்ணெய்ப் பசையை எடுக்கப் பிறந்தவை. காரின் மேலுள்ள மெழுகையும் எடுத்துக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் மின்னும் என்பார்கள் சிலர். மின்னல் மாதிரிதான், நிற்காது. மெழுகும் கூடவே போய்விடும்.

அலசிய பிறகு தானாக உலரட்டும் என்று விட்டுவிடக் கூடாது. போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். ஒவ்வொரு துளியும் உலர்ந்து ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுப் போகும். பெரிய துண்டு ஒன்றைக் காரின் மேலே விரித்து, குழந்தையின் முகத்தை ஒற்றுவது போல ஒற்றி எடுங்கள். இன்னொரு யோசனை: உங்கள் வீட்டு ஏ.ஸி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாய்க் கிடையாது. அதைப் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால், கடைசி அலசலுக்கு அருமையானது. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் இருக்கிறதே, அதில் உப்பு கூடித்தான் இருக்கும். அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். காரின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

*துணிக்கு மடி*

அடுக்களையிலே மடி பார்த்த காலம் மலையேறிவிட்டது. கார்த் துணிக்கு மாத்திரம் மடி பார்த்தே ஆக வேண்டும்!

கிழிந்த பனியன், பழைய துண்டு இவற்றால் துடைத்தால் மண், நெசவின் மேலேயே நின்று உராயும். மைக்ரோஃபைபர் என்று விற்கிறார்களே, அதிலே பஞ்சு மாதிரி நிமிர்ந்து நிற்கும் நுண்ணிய இழைகள் உண்டு. மண் அந்த இழைகளுக்குள்ளே இறங்கிவிடும். வர்ணத்தின் மேல் அவ்வளவாய் உராயாது. கூரைக்கும் பானெட்டுக்கும் ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, ஒற்றி எடுக்கப் பெரிதாய் ஒன்று. ஓரத்திலே வெவ்வேறு கலர் நூலால் ஒரு தையல் போட்டுவிட்டால் மாறிப் போகாது. ஓரத்தில் கம்பெனிச் சீட்டு தைத்திருந்தால் முதல் நாளே பிரித்துவிடுங்கள், அதுவும் கீறும்.

துணி தரையில் விழுந்தால் அதன் மடி போய்விட்டது. உதறிவிட்டு எடுக்கக் கூடாது. துவைத்த பிறகுதான் காருக்கு.

துவைக்கும்போதும் தனியாய்த் துவைக்க வேண்டும். பருத்தித் துண்டுகளோடு போட்டால் பஞ்செல்லாம் இதிலே ஒட்டிக்கொள்ளும். துணி மணக்கவும் மெத்தென்றிருக்கவும் கடைசியில் ஒரு திரவம் விடுவோமே, அதை இதற்கு விடாதீர்கள். இழைகளின் மேலே பூசிக்கொண்டு, உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். மொட்டைமாடித் தரையில் போடாமல் கொடியில் நிழலாய் உலர்த்தி, உலர்ந்ததும் பையில் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள்.

*காத்திருக்கக் கூடாதவை*

தூசி ஒரு வாரம் காத்திருக்கும் என்றேன். சில சமாசாரங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கா. காக்கை, புறா எச்சத்தில் அமிலம் உண்டு. வெயில் சேர்ந்தால் மேல்பூச்சில் தழும்பு போட்டுவிடும். மரத்துப் பிசின், நெடுஞ்சாலையில் மோதிச் செத்த பூச்சிகள், அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூரையிலிருந்து சொட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் எல்லாம் இந்த ஜாதிதான்.

சுரண்டாதீர்கள். நகத்தால் கிள்ளாதீர்கள். அடிப்பிடித்த பாத்திரத்தை என்ன செய்கிறோம்? ஊற வைக்கிறோம். அப்படியே, தண்ணீரில் நன்றாய் நனைத்த துணியை அதன் மேலே சில நிமிஷம் போட்டு வையுங்கள். இளகிய பிறகு, தேய்க்காமல் துணியோடு மேலே தூக்கி எடுத்துவிடுங்கள். காரிலே ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு மடித் துணியும் எப்போதும் இருந்தால் நல்லது.

நாமே போடுகிற கீறல்களும் உண்டு. கதவுக் கைப்பிடியின் உட்பள்ளத்தைப் பாருங்கள். மோதிரமும் வளையலும் சாவிக் கொத்தும் எழுதிய எழுத்தெல்லாம் அங்கே இருக்கும். காய்கறிப் பையை ஒரு நிமிஷம் பானெட்டின் மேலே வைப்பது, குழந்தைகள் தூசியின் மேலே விரலால் பெயர் எழுதுவது - எல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் கறுப்புக் கார் ஒன்றையும் மறப்பதில்லை.

*பண்டிகை நாட்கள்*

நம் வீடுகளில் காருக்கும் பண்டிகை உண்டல்லவா? ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், விபூதி, மாலை எல்லாம் உண்டு. வேண்டாம் என்று சொல்வேனா? சந்தனத்தைக் கண்ணாடியிலும் நம்பர் பலகையிலும் இடுங்கள். வர்ணத்தின் மேலே வேண்டாம். தப்பித் தவறி இட்டுவிட்டால், உலர்ந்த சந்தனத்தைத் துணியால் தேய்க்காமல், மேலே சொன்னபடி ஊற வைத்து எடுங்கள். மாலையைப் பூஜை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அதோடு கார் ஓடினால், நாரும் ஜரிகையும் ஆடி ஆடிப் பானெட்டில் ரம்பம் இழுத்துவிடும்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் காரெல்லாம் வெடிமருந்துப் பொடி. போகியன்று சாம்பலும் கரியும். இந்த இரண்டு நாளும் டஸ்டரை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும்.

*விழுந்த கீறலுக்கு என்ன செய்வது?*

விரல் நகத்தை மெதுவாய்க் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது, பாலிஷுக்கு அடங்காது. நகம் தடுக்காத வலைதான் பாலிஷில் போகும். அதற்கும் அவசரப்பட வேண்டாம். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி நல்ல கடைகளில் இருக்கும். "முதலில் அளந்து சொல்லுங்கள், அப்புறம் தேயுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

மெழுகு போடுவது வேறு. அது முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி. சின்னக் கீறல்களைக் கொஞ்ச நாள் மறைக்கும்; மழையில் போய்விடும். ஆனால் தோலைத் தேய்ப்பதில்லை. அதனால் கெடுதல் கிடையாது.

'செராமிக்' பூச்சுப் போட்டால் கீறலே விழாது என்று கடைக்காரர் சொல்வார். 'ஒன்பது எச்' கடினம் என்று ஒரு நம்பரும் சொல்வார். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கணக்கு, வைரத்தின் கணக்கல்ல. அந்தப் பூச்சில் தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கி ஓடும், கழுவுவது சுலபமாகும். அந்த மட்டில் நல்லதுதான். மண் துணியால் தேய்த்தால் அதுவும் கீறும். வெளியே தெரியாத பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது அதைவிட நல்ல காவல், செலவும் அதிகம். கைப்பிடிப் பள்ளங்களுக்கும் பானெட்டின் முன் விளிம்புக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

புதுக் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுக்கிற அன்று கடையிலே கழுவித் துடைத்து, பாலிஷ் வேறு போட்டுத் தருவார்கள். முதல் வலை அநேகமாய் அங்கேயே விழுந்துவிடுகிறது. "துடைக்க வேண்டாம், தூசியோடு கொடுங்கள், நாங்களே கழுவிக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விசித்திரமாய்ப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அதே மாதிரி, புதன்கிழமை காலையில் உங்கள் கறுப்புக் கார் கொஞ்சம் தூசியோடு நிற்பதைப் பார்த்து, எதிர் வீட்டு மாமி, "என்னம்மா, கார் துடைக்கிற பிள்ளை இன்னிக்கும் வரலையா?" என்று கேட்பார். "வந்தான் மாமி, கண்ணாடியை மட்டும் துடைச்சுட்டுப் போனான். நான்தான் மத்ததுல கை வைக்காதேன்னு சொல்லியிருக்கேன்" என்று சொல்லுங்கள். மாமி நம்ப மாட்டார். அடுத்த வருஷம், சாய்ந்த வெயிலிலே இரண்டு வீட்டுக் கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, அவரே வந்து கேட்பார்.